இருபுறமும் சமம்

அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் வலித்ததே கிடையாது. வலிப்பதாகத் தெரிவித்தார்கள், அவ்வளவுதான். யாருக்கும் கால் வீங்கியதில்லை, எடீமா இருந்தது. யாரும் நீலம் பாரித்துப் போனதில்லை, சயனோசிஸ் காணப்பட்டது. ஏன் வந்தது என்று டாக்டர்களுக்கே பிடிபடாத நோய்க்கு இடியோபதிக் என்று பெயர். 'எங்களுக்குத் தெரியல' என்று சொன்னால் நோயாளி வேறு ஆஸ்பத்திரியைத் தேடிப் போய்விடுவான். 'இடியோபதிக்' என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போவான், போகிற வழியில் நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்வான்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர். மாணவர்கள் பயிற்சி பெறும் வார்டுக்கும் அவர்தான் தலைவர். முதல் வகுப்பில் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் 'ஜனங்கள் சொல்வது' என்றும் வலப்பக்கம் 'நாம் எழுதுவது' என்றும் எழுதினார். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கத்தை முழுக்க அழித்துவிட்டார்.

"இந்தப் பக்கத்தை இனிமே மறந்துடுங்க. நோயாளி பேசறது சத்தம். நீங்க எழுதறதுதான் நோய்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்கு வகுப்பில் கேள்விக்குறி என்று பெயர். நல்ல உயரம், கழுத்தை முன்னால் நீட்டி வளைந்து நிற்பாள். போதாததற்குக் கேள்வியும் கேட்பாள்.

"சார், டாக்டரோட வைத்தியத்தாலயே ஒருத்தருக்குக் கெடுதல் வந்தா, அதுக்கு ஒரு வார்த்தை இருக்கா?"

"இருக்கே. ஐயாட்ரோஜெனிக். அழகான வார்த்தை. பரீட்சையில ஒரு மார்க்குக்கு வரும், படிச்சு வெச்சுக்கோங்க." பேராசிரியர் சாக்பீஸ் தூளைத் தட்டினார். "கேஸ் ஷீட்ல மட்டும் எழுதிடாதீங்க."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கேஸ் ஷீட் என்பது பன்னிரண்டு பக்கத் தாள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இருநூற்றுப் பதினாலு கட்டங்கள். மாணவன் நோயாளியைப் பரிசோதித்து ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தாள் திரும்பி வரும். மூன்று தாள் திரும்பினால் பரீட்சை எழுத முடியாது, அதே ஆண்டை மறுபடியும் படிக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு நாற்பது நிமிஷம்.

முதல் நாள் வார்டு வாசலில் நின்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "கட்டத்துக்கு ஒரு நிமிஷம்னு வெச்சாலே மூணரை மணி நேரம் ஆகுமே?"

பக்கத்தில் நின்றவனுக்கு நகல் என்று பெயர். ஒரு தாளை நாலு நிமிஷத்தில் நிரப்புவான், வகுப்பிலேயே முதல் மார்க். அவன் கோட்டுப் பையிலிருந்து, மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு தாளை எடுத்தான்.

"இதான் தாய்த்தாள். எங்க சீனியர் குடுத்தது. அவருக்கு அவரோட சீனியர். எல்லாக் கட்டத்துக்கும் இதுல பதில் இருக்கு. பாத்து எழுது, போய்ட்டே இரு."

"இது யாரோடது?"

"யாருக்குத் தெரியும்? யாரோ ஒரு ஆளு. நல்லா இருந்திருக்கான்."

நல்லாத்தான் இருந்திருக்கிறான். இதயம் சீரான ஓட்டம், நுரையீரல் இருபுறமும் தெளிவு, வயிறு மென்மை, அனிச்சைகள் கச்சிதம். எந்தக் காலத்திலோ சளிக்கு மருந்து வாங்க வந்து, தன்னை அறியாமலே அழியாப் புகழ் பெற்றுவிட்ட மனிதன். அவன் இதயம்தான் அந்த ஆஸ்பத்திரியின் எல்லாப் படுக்கையிலும் துடித்துக்கொண்டிருந்தது. மாரடைப்போடு வந்தவர்கள் அந்த இதயத்தோடு செத்தார்கள். பெண்கள் வார்டில் நாலு பேருக்கு விதைப்பை இயல்பாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அடுப்பே ஏட்டில்தான் எரிந்தது.

"தொட்டுப் பாக்க வேணாமா?" என்றாள்.

"தொடறியா, எழுதறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றான் நகல். அவனுக்குக் கோபமே வராது. நேரமில்லை.

இரண்டு தாள் திரும்பி வந்த பிறகு, மூன்றாவதாக அவளுக்கு விழுந்தது பதினேழாம் படுக்கை. படுத்திருந்தவர் தையல்காரர், ஐம்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேலே கழுத்தில் அளவு நாடா தொங்கியது. படுக்கையோரம் ஒரு மரக்கால் சாய்த்து வைத்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா."

"நான் ஸ்டூடண்ட்தாங்க, ஐயா."

"அப்ப தொட்டுப் பாப்பே. பெரிய டாக்டருங்க பேப்பரைத்தான் தொடறாங்க. வா பாப்பா, உக்காரு."

அவர் சொன்னதில் சுற்றி வளைப்பே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் வலது கால் போனது. முதலில் நடந்தால் கெண்டைக்கால் பிடித்தது. அப்புறம் பாதம் ஜில்லிட்டது. அப்புறம் விரல் நீலமானது. அப்புறம் இதே ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு இடது காலால்தான் மிஷின் மிதிக்கிறார். ஒரு நாளைக்கு ஆறு சட்டை.

"இப்ப ஒரு காலர் முடிக்கறதுக்குள்ள கெண்டைக்கால் பிடிக்குது. நேத்துலேருந்து பாதம் ஜில்லுங்குது. போன தடவை நான் லேட்டா வந்தேன்னு திட்டினாங்க. அதான் இந்தத் தடவை சீக்கிரமே வந்துட்டேன்."

அவள் தொட்டாள். பாடத்தில் படித்த இடத்தில், பாதத்தின் மேற்புறம், இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ அடியில், இருக்கிறதா இல்லையா என்று, ஒரு துடிப்பு.

"இருக்குங்க. ஆனா நூல் மாதிரி இருக்கு."

"எத்தனாம் நம்பர் நூலு?"

"ரொம்ப மெலிசு."

"அறுந்துடாம பாத்துக்க பாப்பா" என்றார் தையல்காரர். மனைவி பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

மற்ற கட்டங்களைத் தாய்த்தாளைப் பார்த்து நிரப்பிவிட்டு, பாதத்துக்கான மூன்று கட்டங்களில் மட்டும் தான் பார்த்ததை எழுதினாள். நூற்று நாற்பத்தொன்று, வலது பாத நாடி: கால் இல்லை. நூற்று நாற்பத்திரண்டு, இடது பாத நாடி: மெலிந்துள்ளது, பாதம் குளிர்ந்துள்ளது. நூற்று நாற்பத்து மூன்று, ஒப்பீடு: இயலாது.

எழுதியதை எடுத்துக்கொண்டு ஆவண அலுவலரிடம் போனாள். அந்த அம்மாவின் அறை வாசலில் பெரிய பலகை. 'எழுதப்படாதது நடக்கவில்லை' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. எழுதப்பட்டது நடந்ததா என்பதைப் பற்றிப் பலகை ஒன்றும் சொல்லவில்லை. மேஜையில் பச்சை முத்திரை, சிவப்பு முத்திரை, ஒரு கால்குலேட்டர். பத்து நாளில் தரச்சான்றுக் குழு வரப் போகிறது. நூறு சதவீத முழுமை கிடைத்தால் ஆஸ்பத்திரிக்குத் தங்கச் சான்று.

அலுவலர் மூன்று கட்டங்களையும் விரலால் அழுத்திப் பார்த்தார். அங்கே நாடி பார்ப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

"இதென்ன 'கால் இல்லை'?"

"கால் இல்ல மேடம்."

"இந்தக் கட்டத்துல மூணு பதில்தான் எழுதலாம். இயல்பு, மெலிவு, இல்லை. 'இல்லை'ன்னு எழுதினா வலது காலுக்கு அவசர ஆபரேஷன் பாரம் போடணும். ஆறு மணி நேரத்துல அந்தக் காலைக் காப்பாத்தணும்."

"இல்லாத காலையா மேடம்?"

"நீதானேம்மா 'இல்லை'ன்னு எழுதியிருக்கே?"

"நாடி இல்லைன்னு எழுதல. காலே இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"காலே இல்லைங்கறதுக்குக் கட்டம் எங்க இருக்கு? காட்டு."

தாளைப் புரட்டினாள். தலைமுடிக்கு மூன்று கட்டம் இருந்தது, நகத்துக்கு ஆறு. கால் இல்லாமல் போவதற்கு ஒன்றும் இல்லை.

"கட்டம் இல்லாததுக்கு நாங்க பொறுப்பில்ல. அடுத்து இது. 'மெலிந்துள்ளது'. எதை விட?"

"இருக்க வேண்டியதை விட."

"விதி பதினொண்ணு. கை, கால், கண், காது எதுவா இருந்தாலும் எதிர்ப்பக்கத்தோட ஒப்பிட்டுத்தான் எழுதணும். ஒப்பிடாம குளிர்ச்சி, மெலிவுன்னு எழுதக் கூடாது. உனக்குக் குளிர்ற மாதிரி இருந்தா அது உன் கையோட பிரச்சினையா இருக்கலாம்." அலுவலர் சிவப்பு முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். "இன்னிக்குத் திரும்பினா உனக்கு மூணாவது. முதல் ரெண்டுலயும் நோயாளியோட கைரேகையைக் கட்டத்துக்குக் கீழே வாங்கியிருக்கே. இப்ப என்ன பண்றே?"

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தெட்டு. ஐந்து மணிக்கு அறையைச் சாத்திவிடுவார்கள்.

அவள் பேனாவை வாங்கினாள். இயல்பு. இயல்பு. இருபுறமும் சமம். நாளைக்கு ரவுண்ட்ஸில் பேராசிரியரிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாத் தப்புக்கும் இந்த ஒரே வாக்கியம்தான் மயக்க மருந்து.

பச்சை முத்திரை விழுந்தது. நூறு சதவீதம்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். பேராசிரியர் முன்னால் வந்தார், பின்னால் பன்னிரண்டு பேர். அவர் பதினேழாம் படுக்கையின் கால்மாட்டில் நின்றார். குனிந்தால் பாதம் மூக்கில் இடிக்கும். குனியவில்லை. தாளை நீட்டச் சொல்லி வாங்கினார்.

"இரு பாதங்களிலும் நாடி இயல்பு. இருபுறமும் சமம். ரொம்ப அழகான கையெழுத்து. யாரோடது?"

"என்னோடது சார். ஆனா சார், அவருக்கு வலது கால் இல்ல. இடது பாதம் ஜில்லுன்னு இருக்கு."

பன்னிரண்டு பேரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. பாடம் நடத்த ஒரு வாய்ப்பு கிடைத்ததில் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் கவனிங்க. கால் இல்லைங்கறது இந்தப் பொண்ணோட அபிப்பிராயம். தாள்ல இருக்கறது கண்டறிதல். முறைப்படி பரிசோதிச்சு, எழுதி, முத்திரை வெச்சது. அபிப்பிராயத்துக்கு மருந்து குடுக்க முடியுமா? நாளைக்கு ஒருத்தன் வந்து எனக்குத் தலையே இல்லைன்னு சொல்லுவான். நம்பிடறதா? நான் முப்பது வருஷமா நோயாளியைப் பாக்காம இருக்கேன்னு வெளிய சிலர் பேசிக்கறாங்க. அது எனக்குப் பெருமை. பாத்தா பரிதாபம் வரும். பரிதாபம் வந்தா கை நடுங்கும். தாளைப் பாத்தா நடுங்காது."

தையல்காரர் போர்வையை விலக்கி வெட்டுப்பட்ட முழங்காலை உயர்த்திக் காட்டினார். "டாக்டரையா, என்னோட அபிப்பிராயமும் அதேதாங்க."

வார்டே சிரித்தது. பதினெட்டாம் படுக்கைக்காரர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேராசிரியர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் நகலிடம் சொன்னார்:

"எழுதிக்கோ. நோயாளி கிளர்ச்சியடைந்த நிலையில் காணப்படுகிறார். தூங்கறதுக்கு மாத்திரை, மூணு வேளை."

"சார், பாதம் குளிர்றது?" என்றாள்.

"ஒப்பிட்டியா?"

"எதோட சார் ஒப்பிடறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பதினெட்டுக்கு நகர்ந்தார்.

ஒப்பிட முடியாதவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அதற்கு 'ஒப்பீட்டு விலக்குப் பாரம்' என்று பெயர். கால் இல்லை என்பதற்கு ஆதாரமாக, கால் எடுக்கப்பட்ட அன்றைய ஆவணத்தை இணைக்க வேண்டும். கண்ணால் பார்த்தது ஆதாரம் ஆகாது. அன்று மத்தியானம் அவள் அடித்தளத்து ஆவணக் கிடங்கில் இறங்கினாள். தூசியில் இரண்டு மணி நேரம் தேடி, எட்டு வருஷத்துக்கு முந்தைய கட்டைக் கண்டுபிடித்தாள். ஆபரேஷன் குறிப்பு இருந்திருக்க வேண்டிய பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. அதற்கு மறுநாளின் பரிசோதனைத் தாள் மட்டும் முழுசாக இருந்தது.

'இரு பாதங்களிலும் நாடி இயல்பு. இருபுறமும் சமம். நோயாளி துணையின்றி நடக்கிறார்.'

கால் வெட்டிய மறுநாள்.

மேலே வந்து தையல்காரரிடம் சொன்னாள். மாத்திரை மயக்கத்தில் அவர் கண்கள் பாதிதான் திறந்தன.

"ஆவணப்படி பாத்தா உங்க காலை வெட்டவே இல்லைங்க ஐயா."

"அப்படியா? நல்லதாப் போச்சு. எங்க வெச்சிருக்காங்கன்னு கேட்டு வாங்கிக் குடு பாப்பா. எட்டு வருஷமா ஒவ்வொரு ஜோடியிலயும் ஒரு செருப்பைத் தூக்கிப் போட்டுட்டிருக்கேன்."

"சிரிக்காதீங்க" என்றாள் மனைவி. அவள் இரண்டு கையாலும் அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் காலுக்கும் இப்படித்தான் சிரிச்சுட்டுப் போனீங்க."

மூன்றாம் நாள் மனைவி அந்தப் பாதத்தைச் சட்டைத் துணிகளால் சுற்றி வைத்திருந்தாள். நாலாம் நாள் துணியை விலக்கியபோது பெருவிரல் நுனி நாவல் நிறமாக இருந்தது.

"இஸ்திரிப் பெட்டியை அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிக்கும்" என்றார் தையல்காரர். நாக்கு குழறியது, ஆனாலும் சொல்லத் தெரிந்தது. "அப்புறம் நுனியிலேருந்து ஆறிட்டே வரும். இது அதான். எனக்குத் தெரியும் பாப்பா. ஒரு தடவை பாத்தவன் நான்."

அவள் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்தாள். மாணவி போன் செய்யக் கூடாது. செய்தாள். எதிர்முனையில் ஒரு டாக்டர் களைத்துப்போன குரலில் கேட்டார்:

"தாள்ல என்ன இருக்கு?"

"இருபுறமும் சமம்னு."

"எழுதினது யாரு?"

வார்டு போனின் சுருள் வயரை விரலில் சுற்றினாள், விரல் நுனி வெளுக்கும் வரைக்கும். "நான்தாங்க சார்."

"நீ எழுதினதை நீயே நம்பலைன்னா, நான் எப்படிம்மா நம்பி ஒரு டீமைக் கூட்டிட்டு வர்றது? முதல்ல தாளைத் திருத்து. அப்புறம் கூப்பிடு."

இந்தக் கதையில் நியாயமாகப் பேசிய ஒரே டாக்டர் அவர்தான்.

ஆவண அலுவலரிடம் ஓடினாள். பச்சை முத்திரை விழுந்த தாள்களையெல்லாம் குழுவுக்காகக் கட்டி, அரக்கு வைத்துச் சீல் போட்டிருந்தார்கள்.

"மேடம், ஒரே ஒரு கட்டம். நான் எழுதினது தப்பு. நானே ஒத்துக்கறேன். என்னை ஃபெயில் பண்ணுங்க."

அலுவலர் கால்குலேட்டரைத் தட்டி அவள் பக்கம் திருப்பினார். "இருநூத்திப் பதினாலுல ஒண்ணு போனா 99.53. போன வருஷம் எதிர் ஆஸ்பத்திரி எவ்வளவு தெரியுமா? 99.6." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உனக்கு ஒரு நோயாளிதான் தெரியுது. நான் எண்ணூறு தாளைப் பாக்கணும். குழு போனதும் வா, திருத்தித் தர்றேன். நான் என்ன கல்நெஞ்சுக்காரியா?"

ஆறாம் நாளே குழு வந்தது. குழு முன்கூட்டி வருவதும், அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதும் அந்தத் தொழிலின் மரபு. மூன்று பேர், மூன்று பேரும் நல்ல மனிதர்கள். எண்ணூறு தாளில் ஒன்றை எடுத்து, அதன் நோயாளியை நேரில் பார்ப்பது வழக்கம். மிக நேர்த்தியான தாளை அலுவலரே எடுத்துக் கொடுத்தார். அழகான கையெழுத்து. பதினேழாம் படுக்கை.

வார்டில் வெள்ளை விரிப்புகள், வெள்ளைக் கோட்டுகள். பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"மதிப்புக்குரிய குழுவினரே, இந்த ஆஸ்பத்திரிக்கு நான் வந்தப்போ முழுமை அறுபத்தேழு சதவீதம். அப்ப டாக்டர்கள் நோயாளி பக்கத்துல உக்காந்து பேசிட்டிருப்பாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, கதை கேட்டுக்கிட்டு. தாளெல்லாம் காலி. கேட்டா, 'நோயாளி குணமாகிப் போய்ட்டாரே சார்'ங்கறது. குணமானதுக்கு ஆதாரம் எங்க? அந்த நிலைமையை மாத்தி, இன்னிக்கு நோயாளியே இல்லாமக்கூட ஒரு தாளை நிரப்பக்கூடிய தலைமுறையை உருவாக்கியிருக்கோம்..."

கை தட்டினார்கள். தட்டல் ஓய்வதற்குள் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பாதத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்தாள்.

பாதம் நனைந்த கற்பலகை போல இருந்தது. கணுக்கால் வரை கறுப்பு. வாடை வந்தது. வெள்ளைக் கோட்டுகள் ஒரு அடி பின்வாங்கின. அவள் இரண்டு விரலை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முதல் நாள் போலவே ரொம்ப நேரம் காத்திருந்தாள். அடியில் எங்கேயும் எதுவும் இல்லை. நூல் அறுந்துவிட்டது.

"நாடி இல்ல" என்றாள் சத்தமாக. "கால் செத்துப்போச்சு. ஆறு நாளா இவர் சொல்லிட்டே இருக்கார். தாள்ல இருக்கறது பொய். எழுதினது நான்தான்."

அலுவலர் சுவரைப் பிடித்துக்கொண்டார். குழுத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் படித்தார், நிதானமாக. பிறகு அவளைப் பார்த்து, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்:

"இடது பாதத்துல நாடி இல்லைங்கறே. சரி. வலது பாதத்துல?"

"வலது பாதமே இல்லைங்க."

"அதனால நாடி...?"

"இருக்காது."

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல." அவர் முகம் தெளிந்தது. "சமம்தானேம்மா?"

ஒப்பீட்டுக் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். மற்ற இரண்டு கட்டங்களும் ஒப்பீட்டைச் சார்ந்தவை என்பதால் அவற்றுக்கும் போட்டார். வார்டில் எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். பேராசிரியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினார்.

"பாத்தியா? ஆவணம் பொய் சொல்லாது. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லும், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. இரண்டு பக்கமும் நாடி இல்லை என்று இப்போது முறைப்படி ஒப்பிட்டாகிவிட்டது. விலக்குப் பாரம் தேவைப்படவில்லை. சாயங்காலத்துக்குள் அறுவைப் பிரிவிலிருந்து தள்ளுவண்டி வந்தது. தொடைவரை எடுக்க வேண்டும் என்றார்கள். வண்டியில் ஏற்றும்போது மாத்திரை மயக்கம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தையல்காரர் அவள் கோட்டு நுனியைப் பிடித்தார்.

"மிஷினுக்கு மோட்டார் மாட்டிக்கலாம். பொழைச்சுக்குவேன், அதை விடு. ஆனா நான் இந்த வாசல்ல நடந்து வந்தேன் பாப்பா. மரக்காலை ஊணிக்கிட்டு நடந்துதான் வந்தேன். அதை எங்கயாச்சும் எழுதி வை."

"எழுதறேங்க."

மனைவி மரக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் போனாள். கதவருகே நின்று அதைப் பார்த்தாள். இனி அதை மாட்டிக்கொண்டு ஊன்றி நடக்க இன்னொரு கால் வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கேள்விக்குறியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அதைவிட அது மோசமாக இருந்தது.

மறுநாள் பதினேழாம் படுக்கைக்குப் புதுத் தாள் எழுத வேண்டும். நகல் உதவிக்கு வந்தான். "குடு, நாலு நிமிஷம்." அவள் கொடுக்கவில்லை. பன்னிரண்டு பக்கத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தில், கட்டங்களின் கோடுகளைப் பற்றிக் கவலைப்படாமல், குறுக்கே எழுதினாள்.

'இவர் ஒரு காலோடு நடந்து வந்தார். பாதம் ஜில்லென்று இருக்கிறது என்று ஆறு நாள் சொன்னார். முதல் நாள் நாடி இருந்தது. நான் பார்த்தேன். பார்த்ததை மாற்றி எழுதினேன். நாங்கள் எல்லாரும் தாளைப் பார்த்தோம். இப்போது இவருக்கு இரண்டு காலும் இல்லை. ஐயாட்ரோஜெனிக்.'

முழுமை பூஜ்யம். சிவப்பு முத்திரை. பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டு விட்டார்கள். அவர் மேஜையில் அந்தத் தாள் இருந்தது, கடைசி வார்த்தையைச் சுற்றி ஒரு வட்டம்.

"இந்த வார்த்தையைக் கேஸ் ஷீட்ல எழுதக் கூடாதுன்னு முதல் வகுப்புலயே சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"கட்டம் இல்லாததால மேல எழுதிட்டேன் சார். இடம் பொருத்தமா இருக்கா?"

அந்த ஆண்டு அவள் பரீட்சை எழுதவில்லை. நகல் எழுதினான், தங்கப் பதக்கம் வாங்கினான். ஆஸ்பத்திரிக்கும் தங்கச் சான்று வந்தது. அதை வாசலில் மாட்டினார்கள், தையல்காரர் நடந்து வந்த அதே வாசலில்.

அடுத்த ஆண்டு அவள் மறுபடியும் மூன்றாம் ஆண்டில், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பேராசிரியர் கரும்பலகையில் கோடு இழுத்தார், இடப்பக்கத்தை அழித்தார். பிறகு, பழைய தாய்த்தாள் கிழிந்துவிட்டதால் நிர்வாகமே இந்த ஆண்டு முதல் ஒரு மாதிரித் தாளை அதிகாரபூர்வமாக வழங்குகிறது என்று அறிவித்தார். குழுவின் பாராட்டைப் பெற்ற தாள். அதைப் பார்த்து எழுதினால் போதும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கொரு பிரதி. கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்கும் வந்தது.

அவள் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள். நூற்று நாற்பத்தொன்று, இயல்பு. நூற்று நாற்பத்திரண்டு, இயல்பு. நூற்று நாற்பத்து மூன்று.

முன்பு அங்கே எல்லாரும் யாரோ ஒருவனின் இதயத்தோடு படுத்திருந்தார்கள். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் எண்ணூறு பேர் அந்தத் தையல்காரரின் இரண்டு கால்களோடு படுத்திருக்கிறார்கள். கால் இல்லாதவர் அவர் ஒருத்தர்தான்.